நாரோபோட்ல ரெண்டரை வருஷம், ஒரு கேசட் டாய்லெட், ஒரு பாட்டில் தேங்காண்ணெய்

நாரோபோட்னா கால்வாய்ல ஓடற ஒடுக்கமான வீட்டுப் படகு, எங்க வீடே அதுதான். நேத்து அதுல டாய்லெட்டுக்கு அடியில கழிவு சேர்ற பெட்டி, அதாவது கேசட்டோட ரப்பர் சீலை மாத்தினேன். அந்தக் கடுப்புலதான் இதை எழுதறேன். இன்னொரு காரணம், ஃப்ரெண்ட் ஒருத்தன் போன வாரம் "மச்சி, போட் விலை எல்லாம் இறங்கிருக்காமே, இங்க்லாந்துல வாடகை கட்டி சாகறதுக்கு நானும் ஒண்ணு வாங்கிடட்டுமா"ன்னு கேட்டான். 57 அடி, டீசல் இன்ஜின், விறகடுப்பு, சோலார், ரெண்டு வாரத்துக்கு மேல ஒரே இடத்துல கட்டக் கூடாது, இதெல்லாம் யூட்யூப்லயே கிடைக்கும். நான் சொல்லப்போறது டாய்லெட் பத்தி மட்டும்தான். சாப்டுட்டு இருந்தா அப்புறமா படிங்க.

நாங்க மூணு பேர், நான், மனைவி, நாலு வயசுப் பையன். தெற்கு இங்க்லாந்துல கென்னட் அண்ட் ஏவன் கால்வாய்லதான் சுத்திட்டு இருக்கோம். மூணு பேருக்கு அந்த கேசட் ஒண்ணும் பெரிய தொல்லை இல்ல. சுமார் 20 லிட்டர் பிடிக்கும், ரெண்டு நாளைக்கு ஒருதரம் ரொம்பும், தள்ளுவண்டில வச்சு கரையில கழிவு கொட்டறதுக்குன்னே இருக்கற எல்சான் பாயின்ட்ல கொண்டுபோய் கொட்டி அலசிட்டு வந்துடுவேன், ஸ்பேரா இன்னும் ரெண்டு வச்சிருக்கேன். போட்டுக்குள்ளயே தேக்கி மெஷின் வச்சு உறிஞ்சி எடுக்கற பம்ப்-அவுட் டேங்க் நல்லதா கேசட் நல்லதான்னு போட்காரங்க கிட்ட கேட்டுடாதீங்க, பொழுது விடிஞ்சிடும்.

இந்த வருஷம் மனைவிக்கு பித்தப்பைக் கல் ஆபரேஷன், ஏப்ரல்ல தேதி கொடுத்தாங்க. பாத்துக்க ஆள் வேணும்னு அப்பா அம்மாவை ஆறு மாச விசிட்டர் விசால வரவழைச்சோம். ராத்திரியிலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்காம இருந்து காலைல கிளம்பறப்ப ஆஸ்பத்திரிலேர்ந்து போன், பெட் இல்லையாம், வேற தேதி சொல்றோம்னாங்க. அம்மாவுக்கு வந்ததே கோவம், "பட்டினி போட்டுட்டு வராதங்கறானே, இது என்ன ஊருடா". அடுத்த தேதியும் தள்ளிப்போச்சு. எப்ப கூப்டாலும் ரெண்டு மணி நேரத்துல போய்ச் சேரணும், தூரமா எங்கயும் போக முடியாது, போட்டை ஒரே இடத்துலயும் போட முடியாது. சரி, வந்தவங்களுக்கு ஊரையாவது சுத்திக் காட்டுவோம்னு அஞ்சு பேரும் உள்ளயே குடித்தனம் நடத்திக்கிட்டு டிவைசஸ்ங்கற ஊர்லேர்ந்து பாத்ங்கற ஊர் வரைக்கும் மெதுவா இறங்கினோம். வேக வரம்பு மணிக்கு 4 மைல். அப்பா கரையில நடந்தே எங்களை முந்திடுவார்.

அப்பா பொதுப்பணித் துறையில இருந்தவர், டெல்டாவுல மதகு ஷட்டர் ஏத்தி இறக்கியே சர்வீஸ் முடிச்சவர். டிவைசஸ் பக்கத்துல கேன் ஹில்னு ஒரு சரிவு, மொத்தம் 29 லாக் (தண்ணியை ஏத்தி இறக்கி போட்டை மேல கீழ கொண்டுபோற மதகுத் தொட்டி), அதுல 16 படிக்கட்டு மாதிரி ஒரே நேர்கோட்டுல, தண்ணி 237 அடி இறங்குது. அந்தப் படிக்கட்டு லாக் பக்கத்துல எல்லாம் தனியா குளம் வெட்டி வச்சிருப்பான். எதுக்குன்னு எனக்கு ரெண்டு வருஷமா தெரியாது. இவர் அஞ்சு நிமிஷம் நின்னு பாத்துட்டு "ரெண்டு மதகுக்கும் நடுவுல இடமே இல்லையேடா, தண்ணியை எங்க தேக்குவான், அதான் பக்கவாட்டுல தேக்கிருக்கான்"னுட்டார். 1810-ல திறந்த கால்வாய், ஜான் ரென்னின்னு ஒரு இன்ஜினியர் கட்டினதுன்னேன். "கெட்டிக்காரன்"னு மட்டும் சொல்லிட்டு மதகைத் திறக்கற கைப்பிடி, வின்ட்லஸ்ஸை எங்கிட்டேர்ந்து பிடுங்கினவர்தான், கடைசி லாக் வரைக்கும் திருப்பிக் கொடுக்கல. அங்க உதவிக்கு வந்த வாலன்டியர் தாத்தா ஒருத்தரும் இவரும் பாஷை தெரியாமயே ஷட்டர் பத்தி அவ்ளோ பேசிட்டாங்க. இதுக்கே போட்டுக்கு ஃபுல் மார்க் கொடுக்கலாம்.

ஆனா அன்னிக்கு ஏழாவது லாக்லயே டாய்லெட்ல சிவப்பு லைட் எரிஞ்சிடுச்சு. மத்த ரெண்டு கேசட்டும் முதல்லயே ஃபுல். அஞ்சு பேருக்கு ஒண்ணரை நாள் கூட தாங்காதுங்கற கணக்கு எனக்கு அப்பதான் உறைச்சுது. நடுவுல போட்டைக் கட்டவும் முடியாது, கீழ போய்ச் சேர ஆறு மணி நேரம். அம்மா அதுக்கப்புறம் லாக் இறங்கற நாள்ல காலை காபியே குடிக்கறதில்ல.

இன்னொண்ணு, போட்டுங்கறது உள்ள ஆறடி அகலத்துல ஒரு நீள வராந்தா. கேசட் மூடியைத் திறக்கற பிளேடு ரப்பர்ல உரசி கீச்ச்ச்சுனு ஒரு சத்தம் போடும். ராத்திரி யார் எத்தனை தடவை எழுந்து போனாங்கன்னு மொத்தக் குடும்பத்துக்கும் தெரியும். அப்பா நாலு தடவை போவார். மருமக முன்னாடி இது அம்மாவுக்கு மானப் பிரச்சனை.

அந்த நேரத்துல மனைவிக்கு கொழுப்பே ஆகாது, சமையல் எல்லாம் ஆவில வெந்ததுதான். ஊர்லேர்ந்து சுமந்துட்டு வந்த தேங்காண்ணெய் பாட்டில் அப்படியே கிடக்கு. சும்மா கிடக்கற எண்ணெயை அம்மா விடுவாங்களா, குளிர்ல உறைஞ்சதை அடுப்போரமா வச்சு உருக்கி கதவுக் கீலுக்கு, வின்ட்லஸ்ஸுக்கு, பையன் தலைக்குன்னு போட்டாங்க. திடீர்னு ஒருநாள் கீச்சு சத்தமும் நின்னுடுச்சு. "பாத்தியா, எல்லாம் தானா சரியாயிடும்"னாங்க. நானும் நம்பினேன், வேற என்ன சொல்ல.

பாத் நல்லாருந்துச்சு. வழியில அவான்க்ளிஃப், டண்டாஸ்னு ரெண்டு இடத்துல ஆத்துக்கு மேல பாலம் கட்டி அதுல கால்வாய் ஓடுது, அப்பா பாலத்தை விட்டு வர மாட்டேன்னு உக்காந்துட்டார். ரோமன் பாத்ஸ்ல 46 டிகிரி வெந்நீர் பூமிலேர்ந்து சும்மா வருது, ஆனா குளிக்க விட மாட்டாங்க. டேங்க் தண்ணியை எண்ணி எண்ணிக் குளிச்சிட்டிருந்த அம்மா "காசும் வாங்கிட்டு வேடிக்கை பாத்துட்டு போங்கறானா"ன்னு கேட்டதுக்கு யார்கிட்டயும் பதில் இல்ல.

ஜூலைல ஒருவழியா ஆபரேஷன் ஆச்சு, மூணாம் நாளே மனைவி டெக்ல உக்காந்து டீ குடிச்சா, செப்டம்பர்ல அப்பா அம்மா ரெண்டு பேரும் ஊருக்குப் போயிட்டாங்க. ஆனா கேசட் மட்டும் ஜூன்லேர்ந்தே ஒழுக ஆரம்பிச்சிருந்துச்சு. பிராட்ஃபோர்ட் ஆன் ஏவன் லாக் பக்கம் அதைத் தள்ளிட்டுப் போறேன், வண்டிக்குப் பின்னாடி கோடு போட்ட மாதிரி சொட்டுது, எதிர்ல வந்த சைக்கிள்காரர் இறங்கி நின்னு வழி விட்டார், அந்த மரியாதையை நான் மறக்கவே மாட்டேன். அன்னிக்கு ராத்திரியே அந்த டாய்லெட் கம்பெனிக்கு ஒரு ஸ்டார் போட்டு வாய்க்கு வந்தபடி எழுதினேன். டேங்க்கா, பிளேடா, ஏர் வென்ட்டான்னு மூணு மாசம் ஆராய்ச்சி.

நேத்து போட் சாமான் கடைல பழைய சீலைக் கழட்டிக் காட்டினேன். குழம்புல ஊறின அப்பளம் மாதிரி உப்பி நெளிஞ்சு கிடக்கு. கடைக்காரர் தொட்டுப் பாத்துட்டு "இதுல என்ன எண்ணெய் போட்ட"ன்னார். சத்தம் வந்தா சிலிகான் ஸ்ப்ரேதான் அடிக்கணுமாம், கண்ட எண்ணெய் பட்டா ரப்பர் ஊறிடுமாம். மேனுவல்லயும் போட்டிருக்கு, நான்தான் படிக்கல.

அந்த ஒரு ஸ்டாரை எடுக்கலாம்னு பாத்தேன். எடுக்கல. இவ்ளோ காசு வாங்கறவன் கீச்சு சத்தம் வராம செஞ்சிருந்தா எங்கம்மா ஏன் எண்ணெய் போடப் போறாங்க? அம்மா இன்னிக்கு வீடியோ கால்ல "அந்தப் பொட்டி இப்ப சத்தம் போடுதாடா"ன்னு கேட்டாங்க, இல்லம்மா, உங்க புண்ணியத்துல சூப்பரா இருக்குன்னு சொல்லிட்டேன். புது சீல் நேத்து ராத்திரியே கீச்சுங்குது.

மச்சி, உனக்குப் பதில்: வாங்காத. விலை இன்னும் பாதியா இறங்கினாலும் வாங்காத. அப்ப உன் போட்டை எனக்குக் கொடுத்துடேன்னு அடுத்து கேப்ப, அதெல்லாம் விக்க மாட்டேன்.