பழைய கஸ்கேடியாவா, பீட்டர்பில்ட் 389ஆ?

அமெரிக்காவில் சொந்தமாக லாரி ஓட்ட நினைப்பவர்கள் பலர் கடைசியில் வந்து நிற்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். ஃபிரைட்லைனர் கஸ்கேடியா 2007இல் வந்த வண்டி. காற்றைக் கிழித்துப் போக வளைந்த முகம், பெரும்பாலும் 14.8 லிட்டர் டிடி15 எஞ்சின். பீட்டர்பில்ட் 389 நீண்ட மூக்கும் சதுர முகமும் குரோம் பளபளப்பும் கொண்டது. பார்த்தால் ஆசை வரும், டீசல் போடும்போது கண்ணீர் வரும்.

கணக்குப் போடுவோம். ஆண்டுக்கு 1 லட்சம் மைல் ஓட்டம். கேலனுக்குக் கஸ்கேடியா 7 மைல், 389 வண்டி 6 மைல் தருகிறது என்று வைத்துக்கொண்டால், வித்தியாசம் ஆண்டுக்குச் சுமார் 2,380 கேலன் டீசல்! குளிர்பதனச் சரக்கோடு நெடுஞ்சாலையிலேயே ஓடுபவருக்கு இது பெரிய பணம்.

சரி, 389ஐ ஏன் வாங்குகிறார்கள்? விற்கும்போது விலை அவ்வளவு இறங்காது. உற்பத்தியும் நின்று, அதற்குப் பதிலாக 589 என்ற புதிய மாடல் வந்துவிட்டது. 18 கியர் மேனுவல் பெட்டி உள்ள வண்டி பாரச் சரக்குக்கும் ஏற்றது. ஆனால் குறுகலான முற்றத்தில் அந்த மூக்கைத் திருப்புவது தனிப் பாடு.

கஸ்கேடியாவைப் பெரிய நிறுவனங்கள் கூட்டமாக வாங்கிக் கூட்டமாக விற்கின்றன. அதனால் விலை மலிவு, உதிரிபாகமும் சுலபம்.

எதுவானாலும் எஞ்சினை ஓடவிட்டு ஆயில் மூடியைக் கழற்றி, அதே வாயில் தலைகீழாக வையுங்கள். மூடி துள்ளி விழுந்து புகை குபுகுபுவென வந்தால் எஞ்சின் உள்ளே தேய்ந்திருக்கலாம், நடையைக் கட்டுங்கள். என் ஓட்டு கஸ்கேடியாவுக்கு.