மூன்று வருடமாக ஒரு கடல் சாமந்தியோடு

முதலில் வாங்கிய கடல் சாமந்தி, அதாவது அனிமோன், பால்போல் வெளுத்து, நுனியில் மட்டும் இளம் ஊதாவாக இருந்தது. கடையில் இருந்ததிலேயே அதுதான் அழகு என்று எடுத்து வந்தேன். மூன்றே வாரத்தில் குழைந்துபோய் வீடு முழுக்க நாற்றம். அனிமோனின் சதைக்குள் இருக்கும் பாசிதான் வெளிச்சத்தை வைத்து அதற்குச் சாப்பாடு போடுகிறது. அந்தப் பாசி போனால்தான் அப்படி வெளுக்கும் என்று அப்புறம்தான் தெரிந்தது. தொட்டிக்கும் அப்போது வயது இரண்டு மாதம்தான், தண்ணீர் இன்னும் நிலைப்படவில்லை.

இப்போது இருப்பது தவிட்டு நிற பபிள் டிப், இழை நுனி குமிழ்போல் உப்பும் அனிமோன் வகை. 200 லிட்டர் தொட்டியை எட்டு மாதம் ஓடவிட்டு, பிறகு இறக்கினேன். நாம் பார்த்து வைக்கும் இடம் இதற்குப் பிடிக்காது. கால் பதிய ஓர் இடுக்கும் மேலே வெளிச்சமும் கிடைக்கும்வரை ஊர்ந்துகொண்டே இருக்கும். முதல் வாரமே ராத்திரியில், தண்ணீரை அலைபோல் ஓடவைக்கும் வேவ்மேக்கரில் மாட்டிக்கொண்டது. விடிந்து பார்த்தால் கலங்கிய தண்ணீரில் அதன் இழைத் துண்டுகள் மிதக்கின்றன. கால் பங்கு தண்ணீரை மாற்றி, கழிவை உறிஞ்ச கார்பன் பை போட்டதில் மீன்கள் தப்பின. அனிமோன் தேற இரண்டு மாதம் ஆனது. அன்றிலிருந்து வேவ்மேக்கருக்கு ஸ்பாஞ்ச் உறை.

சென்னையில் மே மாதம் வந்தால் எனக்குத் தூக்கம் கிடையாது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க மனசு வரவில்லை. தண்ணீர்மேல் ஃபேன் வைத்து 27 டிகிரிக்குள் பிடிக்கிறேன். ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே நிற்கும். ஒரு வாரம் ஊருக்குப் போய்வந்தபோது 1.025 இருந்த உப்புத் தண்ணீரின் அடர்த்தி 1.028 ஆகியிருந்தது. குறைந்ததை உப்புத் தண்ணீரால் நிரப்பப் போனேன், என்ன புத்தியோ! ஆர்ஓ நன்னீர்தான் ஊற்ற வேண்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக.

வாரம் ஒருமுறை சுண்டுவிரல் நகம் அளவு இறால். இழையில் பட்டதும் ஒட்டிக்கொள்ளும், பக்கத்து இழைகள் ஒவ்வொன்றாக மடங்கி நடுவாய்க்குத் தள்ளும். துண்டு பெரிதானால் மறுநாள் பழுப்புச் சளியாகக் கக்கிவிடும். “பூவுக்கும் இறாலா?” என்று அம்மா இன்னும் கேட்கிறாள்.

அனிமோனுக்குள் குடியிருக்கும் வகையான கோமாளி மீன் ஜோடி நாலு மாதம் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இப்போது அதுதான் அவற்றுக்கு வீடு, நான் தொட்டிக்குள் கைவிட்டால் பெண்மீன் கடிக்க வருகிறது.

போன மாதம் அனிமோன் இரண்டாகப் பிரிந்தது. புதியது பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. செல்போன் டார்ச் அடித்துத்தான் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.