உள்ளூர் வக்கீலா, சென்னை சீனியரா, இலவச சட்ட உதவியா?

விவாகரத்து, ஜீவனாம்சம் என்று பேச்செடுத்தாலே "மெட்ராஸ்ல பெரிய வக்கீல் ஒருத்தர் இருக்கார்" என்று சொந்தக்காரர்கள் ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்தக் கோர்ட் என்பதை. இந்து திருமணச் சட்டத்தில் 2003இல் வந்த திருத்தப்படி, மனைவி தான் இப்போது குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். கல்யாணம் சென்னையில் நடந்திருந்தாலும், தாய்வீடு திண்டுக்கல் என்றால் வழக்கு திண்டுக்கல்லில் நடக்கலாம். வக்கீலும் அங்கேயே கிடைப்பார்.

குடும்ப வழக்கு ஒரே நாள் வாதத்தில் முடிவதில்லை. கவுன்சலிங், எதிர்மனு, சாட்சி, குறுக்கு விசாரணை என்று வாய்தா நீளும். வெளியூர் சீனியர் முக்கியமான நாளுக்கு மட்டும் வருவார். மற்ற நாட்களில் ஜூனியர் எழுந்து, "சீனியர் ஹைகோர்ட்டில் இருக்கிறார், ஒரு தேதி வேண்டும்" என்பார். வழக்கு முடியும்வரை கேட்கும் இடைக்கால ஜீவனாம்ச மனுவை, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் இயன்றவரை முடிக்க வேண்டும் என்று இந்து திருமணச் சட்டத்தின் 24ஆவது பிரிவு சொல்கிறது. அதைச் சுட்டிக்காட்டி விடாமல் கேட்க, அந்தக் கோர்ட்டிலேயே தினமும் நிற்கிறவர் வேண்டும். சீனியருக்குச் செலவழிப்பது நியாயமாகும் இடங்களும் உண்டு: ஹைகோர்ட் அப்பீல், வெளிநாட்டுக் கோர்ட் தீர்ப்பு, குழந்தையை வெளிநாட்டுக்குக் கடத்திக் கொண்டுபோன வழக்கு. பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு அவ்வளவு தேவையே இல்லை.

உள்ளூரில் யார் நல்லவர் என்று தெரிய, ஒரு காலை பத்தரை மணிக்குக் குடும்ப நல நீதிமன்றத்தில் பின் பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். வழக்கைக் கூப்பிட்டதும் யார் வழக்குக் கட்டோடு எழுந்து நிற்கிறார், யாருடைய கட்சிக்காரர் வக்கீலைத் தேடி வராண்டாவுக்கு ஓடுகிறார் என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். முதல் சந்திப்பிலும் ஒன்றைக் கவனியுங்கள். ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கணவரின் சம்பளச் சீட்டு, உங்கள் வங்கிக் கணக்கு விவரம் என்று தானாகக் கேட்கிற வக்கீலுக்கு வேலை தெரிகிறது. "ஆறே மாசத்துல முடிச்சிடலாம்மா" என்று மட்டும் சொல்கிறவரை விட்டுவிடுங்கள்.

உள்ளூர் வக்கீலிடம் ஒரு சிக்கல் உண்டு. சின்ன ஊரில் எதிர்த்தரப்புக் குடும்பத்தின் நில வழக்கையும் அவரே பார்த்திருக்கலாம். கூச்சப்படாமல் நேராகக் கேட்டுவிட வேண்டும்.

இலவச சட்ட உதவியை ஏழைகளுக்கானது என்று பலர் ஒதுக்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். 15100க்குப் போன் செய்தும் கேட்கலாம். அரசு தரும் கட்டணம் குறைவு என்பதால் எல்லா வக்கீலும் ஒரே அக்கறை காட்டுவதில்லை, அது உண்மைதான். கவனிக்காவிட்டால் ஆணைக்குழுவின் செயலரிடம் எழுதிக் கொடுத்து வேறொருவரைக் கேளுங்கள். ஜீவனாம்சமும் குடும்ப வன்முறை மனுவும்தான் வழக்கு என்றால், கையில் காசு இருந்தாலும் முதலில் இங்கே போகச் சொல்வேன்.

இணையத்தில் ஸ்டார் போட்டு வக்கீல்களைப் பட்டியலிடும் தளங்களை நம்ப வேண்டாம். வக்கீல்கள் விளம்பரம் செய்ய பார் கவுன்சில் விதி அனுமதிப்பதில்லை. அத்தகைய தளங்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் உத்தரவிட்டது.

ஃபீஸை எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். கிடைக்கும் ஜீவனாம்சத்தில் பங்கு கேட்பது விதிமீறல். உங்களுக்காக வாதாட வக்கீலுக்கு அதிகாரம் தரும் வக்காலத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத்தாளில் வேண்டவே வேண்டாம். நடுவில் வக்கீலை மாற்றவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஃபீஸ் பாக்கி என்று சொல்லி அவர் வழக்குக் கட்டைப் பிடித்துவைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000த்திலேயே சொல்லிவிட்டது.