ஆல்ட்டரேஷன் வண்டியைக் கமிஷனுக்கு விற்கக் கொடுப்பவர்களே, கவனம்!

கோவைப் பக்கம் ஆல்ட்டரேஷன் செய்த ஜீப், ஜிப்ஸி, தார் வைத்திருந்து விற்க நினைப்பவர்கள் யாராக இருந்தாலும், வண்டியை யாரிடமாவது ஒப்படைப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். "கமிஷனுக்கு விற்றுத் தருகிறேன், வண்டியை இங்கே நிறுத்துங்கள்" என்று சொல்லும் கார் கன்சல்டிங்காரர்களில் சிலர் வண்டியை விற்பதில்லை, வண்டியில் இருக்கும் சாமான்களைத்தான் விற்கிறார்கள். என் ஜிப்ஸிக்கு அதுதான் நடந்தது. வழக்கு நடப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. பெயரைவிட அவர்கள் செய்யும் முறையைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

என்னுடையது 1.3 லிட்டர் பெட்ரோல் ஜிப்ஸி கிங். நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங், முன்னும் பின்னும் இரண்டு சக்கரங்களை இணைக்கும் முழு ஆக்ஸில் (அச்சு), கம்பெனி எடை ஏறக்குறைய ஒரு டன். சேற்றிலும் பாறையிலும் இதைவிட இரண்டு மடங்கு விலையுள்ள வண்டிகள் திணறும் இடத்தில் சாதாரணமாக ஏறிப் போகும். ஆக்ஸிலுக்கு அடியில் இருந்த ஸ்பிரிங்கை மேலே மாற்றி உயரத்தைக் கூட்டியிருந்தேன். 31 அங்குல மட் டயர், தகடு வெட்டிச் செய்த பம்பர், சிக்கிய வண்டியை வடத்தால் இழுக்கும் 9500 பவுண்ட் வின்ச், எல்லாவற்றுக்கும் மேலாகப் பின் ஆக்ஸிலில் காற்றழுத்தத்தில் வேலை செய்யும் ஏர் லாக்கர். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இன்ஜின் சக்தி முழுவதும் அந்தச் சக்கரத்துக்கே போய் வீணாகும். லாக்கர் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டுவதால் தரையில் இருக்கும் சக்கரம் வண்டியை வெளியே தள்ளும். காற்றடைக்கும் கம்ப்ரஸர் எல்லாம் சேர்த்து அதன் விலை லட்சத்தைத் தாண்டும்.

குடும்பத்தில் பணத் தேவை வந்ததால் விற்க முடிவு செய்து இணையத்தில் விளம்பரம் போட்டேன். என்னென்ன மாற்றியிருக்கிறேன், எது கம்பெனி பாகம், எதில் தேய்மானம் இருக்கிறது என்று ஒன்றையும் மறைக்காமல் எழுதினேன். முதலில் வந்தவர்கள், ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி கியூஆர் குறியீடு அனுப்பி "ஸ்கேன் செய்யுங்கள், அட்வான்ஸ் வந்துவிடும்" என்ற பழைய ஏமாற்றுக்காரர்கள். பணம் வாங்குவதற்கு யாரும் ஸ்கேன் செய்து பின் நம்பர் போட வேண்டியதில்லை என்பதைத் தெரிந்துகொண்டால் அவர்களைச் சமாளித்துவிடலாம். உண்மையான சிக்கல் வேறு. இப்படிப்பட்ட வண்டிக்கு வங்கிக் கடன் கிடைப்பது கடினம். காப்பீட்டு மதிப்பிலும், தனியாகச் சொல்லிச் சேர்க்காத வரை, மாற்றிய சாமான்கள் வராது. வாங்குபவர் முழுப் பணத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் குறைவு. அந்த இடத்தில்தான் இந்தக் கன்சல்டிங்காரர் வந்தார். "அண்ணா, கேரளாவில் ஆள் இருக்கிறார்கள், நம் யார்டில் நிறுத்துங்கள், விற்ற பிறகு கமிஷன் கொடுத்தால் போதும்" என்றார்.

அவர் கொடுத்த ரசீதில் வண்டி எண், ஆர்.சி. நகல், சாவி ஒன்று, "ஓடும் நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்பதைத் தவிர வேறெதுவும் இல்லை. சாமான் பட்டியலையும் எழுதச் சொன்னேன். "வாட்ஸ்அப்பில் போடுங்கள் அண்ணா, அதுவே ரெக்கார்டு" என்றார். வின்ச்சின் வரிசை எண், ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் இருக்கும் உற்பத்திக் குறியீடு, லாக்கர் பில் என எல்லாவற்றையும் படமெடுத்து அனுப்பினேன். "ஓகே அண்ணா" என்று பதில் வந்தது. பின்னால் எனக்குக் கைகொடுத்தது அந்த ஒற்றை வரிதான். வண்டியைப் பெயர் மாற்றுவதற்கான 29, 30 ஆகிய படிவங்களை நிரப்பாமல் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். மறுத்துவிட்டேன். யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். பெயர் மாறாத வரை வண்டி என்ன செய்தாலும் பொறுப்பு பதிவில் இருப்பவருக்குத்தான் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கில் வண்டி அடுத்தடுத்துப் பல கை மாறியிருந்தும், இழப்பீட்டுச் சுமை பதிவில் பெயர் இருந்த முதல் உரிமையாளர் தலையில்தான் விழுந்தது.

ஓர் இரவு என் கைபேசிக்கு ஃபாஸ்டேக் குறுஞ்செய்தி வந்தது. கணியூர் சுங்கச்சாவடி. கொஞ்ச நேரத்தில் விஜயமங்கலம். யார்டில் நிற்க வேண்டிய வண்டி நள்ளிரவில் ஈரோடு பக்கம் போய்க்கொண்டிருந்தது. காலையில் கேட்டபோது "பார்ட்டி ஓட்டிப் பார்க்கக் கேட்டார்" என்றார். இரவில், இரண்டு சுங்கச்சாவடி தாண்டியா என்று கேட்டதற்குச் சரியான பதில் இல்லை. வண்டியைத் திருப்பி எடுக்கப் போகிறேன் என்றதும் "நாளைக்கு ஒரு பார்ட்டி டோக்கன் கொடுக்கிறார்" என்று இழுத்தடித்தார்.

அந்தப் பார்ட்டி உண்மையிலேயே வந்தார். பாலக்காட்டுக்காரர், ஜிப்ஸியை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்தவர், தன் மெக்கானிக்கையும் அழைத்து வந்திருந்தார். என் விளம்பரத்தை முன்பே பார்த்து வைத்திருந்ததால் நேராக எனக்கே போன் செய்தார். "சார், விளம்பரத்தில் போட்ட வண்டி இதுதானா? இதில் லாக்கர் இல்லையே" என்றார். உடனே கிளம்பிப் போனேன்.

பின்புறத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினோம். சாவியைத் திருப்பி லாக்கர் சுவிட்சைப் போட்டதும் கம்ப்ரஸர் வழக்கம்போல உறுமி, காற்று நிறைந்ததும் நின்றது. டேஷ்போர்டில் விளக்கு எரிந்தது. காதுக்கும் கண்ணுக்கும் எல்லாம் சரி. வண்டியை கியரில் போட்டுவிட்டு, இடது சக்கரத்தைக் கையால் சுற்றச் சொன்னார் மெக்கானிக். லாக்கர் பிடித்திருந்தால் சக்கரம் அசையவே கூடாது. சுற்றினேன், சுலபமாகச் சுற்றியது. வலது சக்கரம் எதிர்த்திசையில் சுற்றியது. அடியில் படுத்துப் பார்த்தால், ஆக்ஸிலுக்குள் போக வேண்டிய காற்றுக் குழாயை மடித்து, கம்பியால் இறுகக் கட்டி, ஸ்பிரிங்குக்கு மேலே செருகியிருந்தார்கள். குழாய் அடைபட்டிருந்ததால்தான் கம்ப்ரஸர் காற்று நிறைந்ததாக நினைத்து நின்றிருக்கிறது. லாக்கர் உட்காரும் இடமான டிபரன்ஷியல் (இன்ஜின் சக்தியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) சேரும் விளிம்பில் புது சிலிக்கான் பசை பிதுங்கி நின்றது. சுற்றியிருந்த நட்டுகளில் மட்டும் துருவும் மண்ணும் இல்லை. ஜிப்ஸியில் ஆக்ஸில் ஷாஃப்டுகளை உருவிவிட்டால் டிபரன்ஷியலை அப்படியே வெளியே எடுத்துவிடலாம். லாக்கர் உள்ளதைக் கழற்றிவிட்டு இல்லாததைப் பூட்டுவது அனுபவமுள்ள இரண்டு பேருக்கு அரை நாள் வேலைதான்.

பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். வின்ச்சின் மேலுறை என்னுடையது, உள்ளே இருந்த மோட்டார் வேறு. நான்கு டயர்களில் மூன்றின் குறியீடு மாறியிருந்தது. அதிலுள்ள கடைசி நான்கு இலக்கங்கள் எந்த வாரம், எந்த ஆண்டு தயாரானது என்பதைக் காட்டும். என் படங்களில் ஓர் ஆண்டு, வண்டியில் அதைவிடப் பழைய ஆண்டு.

கன்சல்டிங்காரர் கொஞ்சமும் பதறவில்லை. என்னை ஓரமாக அழைத்துப் போய்ச் சொன்னார்: "ஆல்ட்டரேஷன் வண்டி அண்ணா. போலீசுக்குப் போனால் முதலில் உங்களுக்குத்தான் ஃபைன். வண்டியைப் பிடித்துப் போட்டுவிடுவார்கள். பேசி முடித்துக்கொள்ளலாம்."

இந்தப் பதிவை எழுதுவதே இந்த ஒரு பேச்சுக்காகத்தான். அவர்களுடைய தொழில் முழுவதும் நம்முடைய இந்தப் பயத்தின் மேல்தான் நிற்கிறது. அவர் சொன்ன சட்டம் பொய்யில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் என் வண்டியில் ஒரு சாமான் இருக்கக் கூடாது என்பதால், அதைக் கழற்றி விற்கும் உரிமை அடுத்தவனுக்கு வந்துவிடாது. நம்பி ஒப்படைத்த பொருளைக் கையாடல் செய்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆவது பிரிவின்படி குற்றம். மோசடி 318ஆவது பிரிவில் வருகிறது.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்கிக்கொண்டேன். அதை வாங்காமல் திரும்பி வராதீர்கள். உதவி ஆய்வாளர் படங்களையும் "ஓகே அண்ணா"வையும் ஃபாஸ்டேக் பதிவையும் வரிசையாகப் பார்த்தார். வண்டியின் மாற்றங்களைப் பற்றிக் கேட்டார், மறைக்காமல் சொன்னேன். "அதை ஆர்.டி.ஓ. பார்த்துக்கொள்ளட்டும், சாமான் எங்கே போனது என்பதை நான் பார்க்கிறேன்" என்றார். அழைத்து விசாரித்ததும் வின்ச் மோட்டாரும் டயர்களும் "தவறுதலாக வேறு வண்டிக்குப் போய்விட்டதாக"த் திரும்பி வந்தன. லாக்கர் மட்டும் வரவில்லை. அப்படி ஒன்று வண்டியில் இருந்ததே இல்லை என்று சாதிக்கிறார். அதனால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு போட்டிருக்கிறேன். கமிஷன் பேசி ஏற்றுக்கொண்ட சேவையில் குறைபாடு என்பது என் வாதம்.

உங்கள் வண்டியை விற்கும்போது, முடிந்தால் விலை உயர்ந்த சாமான்களைக் கழற்றித் தனியாக விற்றுவிட்டு, கம்பெனி பாகங்களைத் திரும்பப் பூட்டி வண்டியை மட்டும் கொடுங்கள். மொத்தத்தில் பணமும் கூடுதலாக வரும். 15 ஆண்டு முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கக் கொண்டுபோகும்போதும் வண்டி அந்த நிலையில்தான் இருந்தாக வேண்டும். கட்டாயம் யாரிடமாவது ஒப்படைக்க வேண்டியிருந்தால் அவரிடம் ஆர்.டி.ஓ. கொடுத்த அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி வியாபாரிகளுக்கு அது கட்டாயம். அங்கீகாரம் பெற்றவரிடம் வண்டியைக் கொடுத்ததை 29சி படிவத்தில் தெரிவித்துவிட்டால் பொறுப்பு அவருடையது. வண்டி வெளியே போன ஒவ்வொரு முறையும் எதற்காக, யார் ஓட்டினார், எவ்வளவு தூரம் என்று அவர் மின்னணுப் பதிவேட்டில் எழுத வேண்டும். என் கன்சல்டிங்காரரிடம் சான்றும் இல்லை, பதிவேடும் இல்லை. கண்ணாடியில் இருக்கும் ஃபாஸ்டேக்கை விற்பனை முடியும் வரை எடுக்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஈரோடு, சேலம், பாலக்காடு பக்கம் ஜிப்ஸிக்கான பழைய ஏர் லாக்கர் டிபரன்ஷியல் யாராவது விலைக்குச் சொன்னால், பில்லைக் கேளுங்கள். காற்றுக் குழாய் நுழையும் துளைக்குப் பக்கத்தில் மூன்று உளிக் குத்துகள் ஒரே வரிசையில் இருந்தால் அது என்னுடையது. எங்கள் பட்டறையில் நான் பார்க்கக் குத்திய அடையாளம் அது. வாங்காமல், விற்பவரின் எண்ணோடு எனக்குச் செய்தி அனுப்புங்கள்.