நான்கு ஆண்டுகள் உழைத்த ரவுட்டர்: கடவுச்சொல் கேட்காத ஒரு வழி

என்னிடம் நான்கு ஆண்டுகளாக இருக்கும் ரவுட்டரின் விலை இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். தொலைபேசியில் ஒரு வரியில் பதில் சொல்ல முடியாததால் இதை எழுதுகிறேன். எந்தக் கருவி என்பது அவருக்குத் தெரியும். பெயரை இங்கே தவிர்க்கிறேன்.

முதலில் அதற்குரிய நியாயத்தைச் செய்துவிட வேண்டும். கீழ்வீட்டில் வைத்த கருவியின் வைஃபை மொட்டைமாடிப் படிக்கட்டு வரை குறையாமல் கிடைத்தது. கோடையில் சூடேறி நின்றதில்லை. மின்சாரம் போய் வந்தால் தானாகவே இணைப்பைப் பிடித்துக்கொள்ளும். இந்த விலையில் இவ்வளவு உழைக்கும் கருவியை நான் வேறு பார்த்ததில்லை.

சென்ற மாதம் வங்கியின் தளத்தைத் திறந்தபோது, சான்றிதழ் சரியில்லை என்று உலாவி எச்சரித்தது. மனைவியின் கைப்பேசியிலும் அதே எச்சரிக்கை வந்த பிறகுதான் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். டிஎன்எஸ் பகுதியில் நான் கொடுத்திருந்த எண்களுக்குப் பதிலாக அறிமுகமில்லாத இரண்டு எண்கள் இருந்தன. தளத்தின் பெயருக்குரிய முகவரியைச் சொல்வது டிஎன்எஸ் என்பதால், அதை மாற்றியவர் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளையும் தாம் விரும்பிய இடத்துக்கு அனுப்பிவிடலாம். பதினாறு எழுத்துகள் கொண்ட என் கடவுச்சொல்லை நான் வேறெங்கும் பயன்படுத்தியதில்லை. ஆனாலும் அது எதையும் தடுக்கவில்லை.

கடவுச்சொல் இருந்தும் ஒருவர் உள்ளே வருவது இப்படித்தான். ரவுட்டரின் நுழைவுப் பக்கத்தைக் காட்டவே சில படங்கள் கடவுச்சொல் இல்லாமல் கிடைத்தாக வேண்டும். ஆகவே படக் கோப்புறைக்கு மென்பொருள் விலக்கு அளிக்கிறது. கேட்கப்படும் முகவரி அந்தக் கோப்புறையின் பெயரில் தொடங்குகிறதா என்பதை மட்டும் அது சரிபார்த்தால், முன்னால் அந்தப் பெயரையும், நடுவில் ஒரு படி மேலே போகச் சொல்லும் இரண்டு புள்ளிகளையும், இறுதியில் அமைப்புப் பக்கத்தின் பெயரையும் எழுதி யாரும் உள்ளே போய்விடலாம். தைவானின் ஆர்காடியன் நிறுவன மென்பொருளில் இதே வகைப் பிழை இருந்ததை டெனபிள் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் 2021 ஆகஸ்டில் வெளியிட்டது. குறைந்தது 10 ஆண்டுகள் கவனிக்கப்படாமல் இருந்த அந்தப் பிழை, 17 நிறுவனங்களின் குறைந்தது 20 மாடல்களுக்குப் பரவியிருந்தது. விவரம் வெளியான இரண்டே நாட்களில் தாக்குதல்கள் தொடங்கின. மலிவான கருவி என்பதால்தான் இப்படி என்றும் சொல்ல முடியாது. 2022 அக்டோபரில், அந்நியரைத் தடுப்பதற்கென்றே நிறுவனங்கள் வைக்கும் ஃபோர்டிநெட் ஃபயர்வால்களிலேயே கடவுச்சொல்லைத் தாண்டி நிர்வாகப் பகுதிக்குள் நுழையும் பிழை வெளிப்பட்டது.

எனவே பிழை இருந்ததை நான் மன்னிக்கத் தயார். வெளியூரிலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தொலைநிலை நிர்வாகத்தைத் திறந்து வைத்தது என் தவறு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கருவியின் பதிவேட்டில் அந்நியர் வந்து போனதற்கு ஒரு வரி கூட இல்லை. கடவுச்சொல் கேட்கப்பட்டால்தான் அது நுழைவு என்று பதிவாகும். இங்கே எதுவும் கேட்கப்படவே இல்லை. அமைப்பு மாறியதையாவது குறித்து வைத்திருக்கலாம், அதுவும் இல்லை. இந்த ஓட்டையை அடைக்கும் ஃபர்ம்வேர், அதாவது கருவிக்குள் ஓடும் மென்பொருளின் புதிய பதிப்பு, எட்டு மாதங்களுக்கு முன்பே வந்திருக்கிறது. அதன் குறிப்பில் "நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டது" என்று மட்டும் இருந்ததால், நன்றாக ஓடுவதை ஏன் தொட வேண்டும் என்று நான் அதை நிறுவாமல் விட்டிருந்தேன். என் கோபமெல்லாம் அந்த ஒற்றை வரியின் மீதுதான். கடவுச்சொல் இல்லாமல் உள்ளே வர முடிந்தது என்று எழுதியிருந்தால் அன்றே நிறுவியிருப்பேன்.

புதிய ஃபர்ம்வேரை நிறுவி, கருவியைத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவந்தேன். பழைய அமைப்புக் கோப்பை ஏற்றினால் அந்நியரின் எண்களும் கூடவே திரும்பிவிடலாம் என்பதால் எல்லாவற்றையும் கையாலேயே நிரப்பினேன். கடவுச்சொற்களை மாற்றினேன், தொலைநிலை நிர்வாகத்தை மூடினேன்.

இதை எழுதும்போதும் அதே ரவுட்டர்தான் ஓடுகிறது, வேகத்தில் ஒரு குறையும் இல்லை. நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். இன்னும் எத்தனை ஆண்டுகளுக்குத் திருத்தங்கள் வரும் என்று அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். மூன்று வாரங்களாகியும் பதில் இல்லை.