கைற்றோசானா, அல்ஜினேற்றா? மருந்தை மெல்ல விடும் களிமண் கலவைக்கு எது தோது

மருந்தைக் களிமண்ணில் ஏற்றி, பல்பகுதியத்தால் (பொலிமர்) மூடி, உடம்புக்குள் மெல்ல மெல்ல வெளியேற விட வேண்டும். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இந்த ஆய்வைத் தொடங்கினால் மனம் முதலில் கைற்றோசான் பக்கம்தான் போகும். அதை எடுக்கும் இறால் கோதும் நண்டுக் கோதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றனவே. நான் எடுத்தது கடற்பாசியிலிருந்து வரும் அல்ஜினேற். மருந்து, நீரிழிவுக்குக் கொடுக்கும் மெற்ஃபோர்மின்.

களிமண் இரண்டுக்கும் ஒன்றுதான்: மொன்ற்மோரிலோனைற். ஏறத்தாழ 1 நானோமீற்றர் தடிப்புள்ள தகடுகள், அவற்றில் எதிர் மின்னேற்றம், இடையில் சோடியம் அயன்கள். நேர் ஏற்றமுள்ள மெற்ஃபோர்மின் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் அமர்ந்துகொள்ளும். விலை, நச்சுத்தன்மை இரண்டிலும் சண்டை பிடிக்க ஒன்றுமில்லை.

கைற்றோசானும் நேர் ஏற்றமுள்ளதுதான். களிமண்ணோடு இறுக ஒட்டும், ஆனால் மருந்து இருக்க வேண்டிய அதே இடத்துக்குப் போட்டிக்கும் வரும். கோதிலிருந்து நாமே தயாரித்தால் கோதின் கைற்றினைக் கைற்றோசானாக்கும் அசற்றைல் நீக்கம் ஒவ்வொரு முறையும் ஒரு மாதிரி அமையும். தரப்படுத்தியதை வாங்கினால் இந்தத் தலையிடி இல்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது இரைப்பை. சோதனையில் அதற்கு pH 1.2 அமிலம் வைப்போம். சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்காத (குறுக்கிணைக்காத) கைற்றோசான் அமிலத்தில் வீங்கிக் கரையும். களிமண் அதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. அல்ஜினேற் மணியோ அமிலத்தில் அல்ஜினிக் அமிலமாகிச் சுருங்கும். குடலின் pH வந்த பிறகுதான் வீங்கித் தளரும். இவ்வளவு நீரில் கரையும் மருந்துக்கு அந்த முதல் இரண்டு மணித்தியாலம்தான் கண்டம்.

அல்ஜினேற்றுக்கும் ஒரு வில்லங்கம் உண்டு. மணியாக்க அல்ஜினேற் கலவையைக் கல்சியம் குளோரைட் கரைசலில் சொட்டும்போது அந்தக் கல்சியமே களிமண்ணுக்குள் புகுந்து மருந்தை வெளியே தள்ளும். அதனால் மணியை நெடுநேரம் ஊறவிடக் கூடாது. மிஞ்சிய கரைசலையும் 233 நானோமீற்றர் புறஊதா ஒளியில் அளந்து, போன மருந்தைக் கழித்த பிறகே களிமண்ணில் ஏறிய மருந்தின் அளவைக் கணக்கிட வேண்டும். இந்த அளவீட்டைத் தவறவிட்டால் பிறகு வரையும் வெளியேற்ற வரைபு முழுவதுமே சரியாக வராது. சலிப்பான வேலைதான், ஆனால் ஆய்வு நிற்பது இதில்தான்.

இதெல்லாம் மெற்ஃபோர்மினை வைத்துச் சொல்வது. கைற்றோசானில் என் கைப்பழக்கம் குறைவு என்பதையும் சேர்த்துக் கணக்கெடுங்கள். வலிநிவாரணியான டைக்ளோஃபெனக் போன்ற எதிர் ஏற்ற மருந்தைக் களிமண் தானாக ஏற்காது. அங்கே இடையில் பாலமாக நிற்கக் கைற்றோசான் வேண்டும். மருந்து இரைப்பையிலேயே வேலை செய்ய வேண்டுமென்றாலும் அதுவே தோது, சளிப்படலத்தில் ஒட்டி நிற்கும். இரண்டையும் விட மனமில்லாதவர்கள் அல்ஜினேற் மணிக்கு மேல் மெல்லிய கைற்றோசான் பூச்சுக் கொடுக்கலாம். ஏற்றங்கள் எதிரெதிரானவை என்பதால் பூச்சு நன்றாகவே பிடிக்கும்.