வெள்ளவத்தை இணையத்தள வடிவமைப்புச் சேவை: தோற்றம் நன்று, பொத்தான்களில் பிழை

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியில் நாங்கள் நடத்தும் சேலைக் கடைக்கான இணையத்தளத்தை, அருகிலுள்ள ஒரு வடிவமைப்பு நிறுவனத்தைக் கொண்டு செய்வித்தோம். எழுத்துருவிலும் நிறத்திலும், மும்மொழிகளிலும் பக்கங்களை ஒழுங்குபடுத்திய விதத்திலும் அவர்களது உழைப்பு தெரிகிறது. என் மனக்குறை முழுவதும், வெளித்தளங்களுக்குக் கொண்டுசெல்ல வேண்டிய மூன்று பொத்தான்களைப் பற்றியது.

தளம் வெளியான முதல் வாரத்தில் அவற்றில் ஒன்றுகூட வேலை செய்யவில்லை. பேஸ்புக் பொத்தானை அழுத்தினால் பக்கம் கிடைக்கவில்லை என்ற அறிவிப்பே வந்தது. முகவரிப் பட்டையைப் பார்த்தபோதுதான், எங்கள் தள முகவரியின் பின்னால் பேஸ்புக் முகவரி ஒட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டேன். இணைப்பை எழுதியவர் தொடக்கத்தில் வரவேண்டிய 'எச்டிடிபிஎஸ்' என்பதையும், அதையடுத்த முக்காற்புள்ளியையும், இரண்டு சாய்கோடுகளையும் விட்டுவிட்டு 'டபிள்யூ' மூன்றிலிருந்து தொடங்கியிருந்தார். அவ்வாறு தொடங்கும் இணைப்பை உலாவி வேறொரு தளமாகக் கருதாமல், நமது தளத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு பக்கத்தின் பெயராக எடுத்துக்கொள்கிறது.

வரைபடப் பொத்தானில் பிழை வேறு. அதை 'பட்டன்' என்ற குறிச்சொல்லால் (பக்கத்தின் ஒரு பகுதி என்னவென்று உலாவிக்குச் சொல்லும் குறியீட்டால்) ஆக்கி, அதற்குள் முகவரியை எழுதியிருந்தார்கள். அக்குறிச்சொல் முகவரியைப் பொருட்படுத்தாது. இன்னொரு பக்கத்துக்குக் கொண்டுசெல்வது 'ஏ' என்ற குறிச்சொல்லின் வேலை, பொத்தானின் தோற்றத்தை அதற்கு, பக்கத்தின் நிறத்தையும் வடிவத்தையும் வகுக்கும் மொழியான சிஎஸ்எஸ் மூலம் கொடுத்துவிடலாம்.

என்னை மிகவும் வருத்தியது வட்ஸ்அப் பொத்தான்தான். ஆவணிக் கல்யாணங்களுக்காக லண்டனிலும் டொரன்டோவிலும் இருந்து சேலை கேட்பவர்கள் எங்களோடு அதன் வழியாகவே பேசுவார்கள். 077 எனத் தொடங்கும் எமது எண்ணை இணைப்பில் அப்படியே இட்டிருந்தார்கள். முதற் பூச்சியத்தை நீக்கி, 94 என்ற நாட்டுக் குறியீட்டைச் சேர்த்து, கூட்டற்குறியோ இடைவெளியோ இல்லாமல் எழுதினால்தான் அது சரியான உரையாடலைத் திறக்கும்.

முறையிட்ட அன்றே, மேலதிகக் கட்டணம் எதுவும் கேட்காமல் மூன்றையும் திருத்தித் தந்தார்கள்; எங்கள் பக்கம் மூடப்படாதபடி வெளித்தளங்கள் புதிய தாவலில் திறக்கவும் வழிசெய்தார்கள். அந்தப் பொறுப்புணர்வை மதிக்கிறேன். ஆயினும் ஐந்து நிமிடச் சோதனையில் அகப்பட்டிருக்கக்கூடிய பிழைகளை வாடிக்கையாளர் கண்டுபிடிக்க விட்டது சரியன்று. அடுத்த வேலையையும் அவர்களிடமே கொடுப்பேன். ஆனால் இறுதித் தொகையைச் செலுத்துமுன், ஒவ்வொரு பொத்தானையும் அவர்கள் முன்னிலையிலேயே என் கைத்தொலைபேசியில் அழுத்திப் பார்ப்பேன்.